சில்வண்டு நிற்கும் இடம்

முதலில் மின்விசிறி நிற்கும். அடுத்து ஃபிரிட்ஜ். பிறகு சுவர்க் கடிகாரத்தை ஆணியிலிருந்து எடுத்துக் குளியலறைக்குள் கவிழ்த்து வைப்பார். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் இரண்டு கம்பளிகளைத் தொங்கவிடுவார். கதவின் கீழ் இடுக்கில் பழைய வேட்டி ஒன்றைச் சுருட்டி அடைப்பார். கைபேசிகள் அடுக்களையில் அரிசி டப்பாவுக்குள் போகும்; முதல் நாள் என் கைக்கடிகாரமும் போனது. கடைசியாக என்னைப் பார்ப்பார். பிரம்பு நாற்காலி முனகுகிறது என்பதால் எனக்கு ஒரு மர ஸ்டூல் ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்குச் சாய்மானம் கிடையாது. மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி, சென்னீர்குப்பம், மூன்றாவது மாடி, தலைக்கு மேல் மொட்டை மாடி.

"மூச்சைக் கொஞ்சம் மெதுவா விடுங்க சார்" என்பார்.

இப்படி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு. தண்டனைக் காலம் இவ்வளவு என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எந்த அதிகாரத்தின் பேரில் எழுதினீர்கள் என்று கேட்கக்கூடியவர். படத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப்பேர் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயத்தோடு வந்துவிடுவீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம். அவரும் நானும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கொட்டகைகளில், அரும்பு மீசை வயதில் பார்த்தது. அந்தப் படத்துக்கு எத்தனை வடிவம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கிடைத்ததோ, அத்தனையும் அவரிடம் இருந்தன. கதை வசனம் மட்டும் பதிந்த இசைத்தட்டு. தொலைக்காட்சியிலிருந்து பிடித்த வீடியோ கேசட், நடுவில் சோப்பு விளம்பரத்துடன். கதாநாயகன் "நான் உன்னை" என்று சொல்லும்போது முதல் தட்டு முடிந்து, எழுந்துபோய் இரண்டாவது தட்டைப் போட்ட பிறகு "மறக்கவில்லை" என்று முடிக்கும் இரட்டைத் தட்டு வி.சி.டி. மூன்று நிறுவனங்கள் போட்ட மூன்று டி.வி.டி. புதுப்பித்த பிரதி என்று பெருமையோடு வந்த ஒன்று. பிறகு இணையத்தில் சந்தா கட்டிப் பார்ப்பது.

எல்லாம் ஒரே படம்தானே என்று முதல் நாள் கேட்டேன்.

"படம் ஒண்ணுதான் சார். சத்தம் வேற வேற" என்றார்.

பேச்சு, பாட்டு, பின்னணிச் சத்தம் மூன்றையும் தனித்தனியாகப் பதிந்து, பிறகு எதை ஏற்றுவது எதை இறக்குவது என்று ஒருவர் உட்கார்ந்து கலக்கிறார். வீட்டுக்கென்று மறுபடி வெளியிடும்போதெல்லாம் வேறொருவர் உட்கார்ந்து வேறு மாதிரி கலக்கிறார். ஒரு டி.வி.டி.யில் மழையைப் புதிதாகப் பெய்ய வைத்திருந்தார்கள். ஆறு ஒலிபெருக்கிக்குப் பிரித்த பிரதியில் படத்தில் வரும் மாமனாரின் செருப்புச் சத்தம் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தது. முதல் தடவை நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். ஸ்டூல் கிறீச்சிட்டது. அந்தச் சோதனை செல்லாது என்று அறிவித்து மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

சோதனை என்றுதான் சொல்வார். ஆவடிப் பக்கத்தில் ஒரு பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் இருவரும் வேலை பார்த்தோம். அவர் எஞ்சின் பரிசோதனைப் பிரிவு. நான் நடைமுறைக் கையேடுகள் எழுதும் பிரிவு, அதாவது மற்றவர்கள் செய்யும் வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்று அவர்களுக்கே சொல்லும் வேலை. ஓடும் எஞ்சினின் உடம்பில் நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தி, அரை நிமிடம் கண்ணை மூடுவார். "மூணாவது பேரிங்" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பேரிங்தான். கருவிகள் வந்த பிறகும், கருவி சொல்வதை இவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார்கள். காதுக்கவசம் கட்டாயம் என்று சுற்றறிக்கை எழுதியவன் நான். "காதை மூடிக்கிட்டு எதைக் கேக்குறது?" என்று சொல்லி, அந்தச் சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் அன்றைய அளவுகளைக் குறித்துக்கொண்டவர் அவர்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரே அடுக்ககத்தில் நான் இரண்டாவது மாடி, அவர் என் தலைக்கு மேல். தற்செயல் என்று அப்போது நினைத்தேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தாள். எந்தப் பிரதி, எந்தக் காட்சி, என்ன சத்தம், உள்ளதா இல்லையா. கீழே இரண்டு கட்டம்: சோதித்தவர், சாட்சி. அந்த இரண்டாவது கட்டத்துக்குத்தான் நான். 'ஒருவர் கண்டது கண்டதாகாது, இருவர் கண்டதே பதிவாகும்' என்று தொழிற்சாலைக் கையேட்டில் ஒரு விதி உண்டு. முதல் நாள் அந்தப் பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த விதியை எழுதியவன் நானே. தப்பிக்க ஓர் உபவிதி எழுதி வைத்திருக்கலாம். அந்த வயதில் அதெல்லாம் தோன்றுவதில்லை.

அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று: "இருக்குன்னா இருக்கு. இல்லைன்னா இல்லை. இருக்கலாம்னு தாள்ல கட்டம் கிடையாது."

முதல் நாளிலேயே ஒன்று நடந்தது. சரியாக மூன்று மணிக்கு அவர் படத்தை நிறுத்தி, தலையைச் சாய்த்து, "என்ன சார் அது?" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனார். மணிக்கு ஒருமுறை 'பிப் பிப்' என்று இரண்டு தடவை மெலிதாக அடிக்கும் என் கைக்கடிகாரம், மூடிய டப்பாவுக்குள், அரிசிக்கு நடுவில். பத்தடிக்கு அப்பால், சுவருக்கு மறுபக்கம்.

"அடுத்த தடவை உங்க வீட்லயே வச்சிட்டு வந்துருங்க" என்றார்.

படத்தில் அவருக்கு முக்கியமானது ஒரு காட்சிதான், மூன்று நிமிடம். வீட்டில் ஒரு பெண் தனியாக விளக்கடியில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருப்பாள். இசை கிடையாது. வெளியே சில்வண்டுச் சத்தம் மட்டும் நூல் இழுத்தாற்போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று அது நிற்கும். அவள் தலையைத் தூக்குவாள். அதற்குப் பிறகுதான் கதவு தட்டப்படும். தோட்டத்தில் ஆள் கால் வைத்ததும் பூச்சி அடங்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். கொட்டகையில் அன்று அந்த இடத்தில் தன் கழுத்தில் மயிர் நின்றது என்பார்.

"பூச்சியை வச்சு ஆள் வந்ததைச் சொன்னான் பாருங்க சார், அவன் ஆளு."

இதுதான் அவருடைய அளவுகோல். எந்தப் பிரதி வந்தாலும் முதலில் அந்த மூன்று நிமிடம். சில்வண்டு உள்ளதா, இல்லையா. ஏழு தாள்கள் வரை 'உள்ளது' என்றே வந்தன. ஒன்றில் சத்தம் தடித்திருந்தது, ஒன்றில் நிற்குமிடம் அரை நொடி பிந்தியிருந்தது. அதையெல்லாம் குறிப்பில் எழுதுவார். எனக்கும் கேட்டது. கையெழுத்துப் போட்டேன், மோர் குடித்தேன், கீழே வந்தேன்.

எட்டாவது தாள் புதுப்பித்த பிரதி.

அந்த ஞாயிறு வெயில் நினைவிருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகில் சட்டை ஒட்டி, வியர்வை முழங்கையிலிருந்து தரையில் சொட்டியது. அந்தச் சொட்டுக்கும் ஆட்சேபணை வருமோ என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று நிமிடம் ஓடியது. சில்வண்டு மெலிதாக, சுத்தமாகக் கேட்டது. நின்றது. அவள் தலையைத் தூக்கினாள்.

அவர் படத்தை நிறுத்தினார்.

"எடுத்துட்டானுங்க சார்."

"எதை?"

"பூச்சியை. இரைச்சலைச் சுத்தம் பண்றேன்னு பூச்சியையும் சேத்துத் துடைச்சிட்டான். இப்ப அந்தப் பொம்பளை எதுக்குத் தலையைத் தூக்குறா? ஒரு காரணம் வேண்டாமா?"

மறுபடி ஓட்டினார். மறுபடி எனக்குக் கேட்டது. 'இல்லை' என்று எழுதி, தாளை என் பக்கம் திருப்பினார். பேனாவை எடுத்தேன்.

அந்த நேரத்தில் என் மனத்தில் என்ன ஓடியது என்பதை உள்ளபடி பதிவு செய்கிறேன். மின்விசிறி ஓடியது. நான் மறுத்தால் மூன்றாவது முறை ஓட்டுவார், நான்காவது முறை ஓட்டுவார். அவர் சொல்லும் சத்தம் வேறு ஏதோ நுட்பமாக இருக்கும், எனக்குக் கேட்டது வேறாக இருக்கும் என்று ஒரு சமாதானமும் கூடவே வந்தது. மேலும் மூன்றாவது பேரிங்கைக் கண்ணை மூடிச் சொன்ன காதோடு, கையேடு எழுதியவன் வாதாடுவதா? தொழிற்சாலையில் மேல் கையெழுத்து விழுந்துவிட்டால் கீழ்க் கையெழுத்து தானாக விழும். அதைக் கண்டித்துச் சுற்றறிக்கை எழுதியவனும் நான்தான்.

போட்டேன். மின்விசிறி சுழன்றது. அவ்வளவு இனிமையான காற்றை நான் வாங்கியதில்லை.

ஒன்பதாவது தாளில் உண்மையைச் சொன்னால் எட்டாவது பொய்யாகும். பத்தாவதில் சொன்னால் இரண்டு பொய்யாகும். ஸ்டூலைவிட இது சிறிய இடம்.

அந்தப் பிரதியை வெளியிட்ட நிறுவனத்துக்கு அவர் எழுதினார். இரண்டு கையெழுத்துள்ள தாளின் நகலை இணைத்தார். சத்தம் அப்படியேதான் இருக்கிறது என்று அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். "செவிட்டுப் பசங்க" என்றார். முப்பத்தைந்து ஆண்டு குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் அவர் பேச்சில் ஊர் தேய்ந்துபோயிருந்தது. கோபம் வந்தால் மட்டும் திருநெல்வேலி எட்டிப் பார்க்கும். "யாரை ஏமாத்தப் பாக்கான்? வேய், நம்மகிட்டயேவா?"

அடுத்து பழைய தட்டுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், ஒப்பிடுவதற்காக. நான்காம் தாளில் 'உள்ளது' என்று அவரே எழுதிய டி.வி.டி. அதிலும் சில்வண்டு இல்லை என்றார். ஐந்தாம் தாளின் டி.வி.டி.யில் இல்லை. வி.சி.டி.யிலும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் புதிய தாள் போட்டு, காரணம் என்ற இடத்தில் 'தட்டு கெட்டுவிட்டது' என்று எழுதினார். "பிளாஸ்டிக்தானே சார், அரிச்சிரும்." எல்லாத் தட்டிலும் அதே மூன்று நிமிடத்தை மட்டும், அதிலும் பூச்சியை மட்டும் தேர்ந்தெடுத்து அரிக்கும் காற்று பூந்தமல்லி வட்டாரத்தில் வீசுகிறது என்பதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் பையனுக்கும் தெரிந்த பாடம் இது. வரும் உருப்படியெல்லாம் தவறு என்று அளவுகருவி சொன்னால், முதலில் கருவியைச் சந்தேகி. கருவி பழுது என்று தெரிந்தால், அது கடைசியாகச் சரியாக இருந்த நாள்வரை பின்னோக்கிப் போய், நடுவில் அது பார்த்த அத்தனையையும் திரும்பப் பார். அவரைவிட அதை நன்றாக அறிந்தவர் இல்லை. ஆனால் காதைக் கருவி என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. கருவிகளைச் சரிபார்க்கும் பொருள் அது.

குமணன்சாவடியில் ஒருநாள் மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் சாலையைக் கடந்தோம். பேட்டரி ஆட்டோ ஒன்று, எஞ்சின் சத்தமில்லாமல், 'பீப் பீப்' என்ற சன்னமான ஆரனோடு வந்தது. நான் நின்றேன். அவர் நடந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆட்டோ அவர் வேட்டி நுனியை உரசிக்கொண்டு நின்றது.

"யோவ் பெருசு! ஊட்ல சொல்லிக்கினு வன்ட்டியா? ஆரன் அட்ச்சிக்கினே வரேன், காத இன்னா அடகு வச்சிட்டியா?"

அவர் ஆட்டோவின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். "அவன் ஆரன் பழுது சார்" என்றார் என்னிடம். "தொண்டை மட்டும்தான் வேலை செய்யுது."

நான் சிரித்தேன். பிடித்த சட்டையைச் சாலை தாண்டும்வரை விடவில்லை.

அந்த மாதம் இருபத்திரண்டாவது தாள். கடிகாரத்தைக் கழற்ற மறந்து அப்படியே போய் உட்கார்ந்துவிட்டேன். முழுக்கைச் சட்டை அதை மறைத்திருந்தது. மூன்று மணிக்கு, அவர் காதிலிருந்து ஒரு முழ தூரத்தில், என் மணிக்கட்டு 'பிப் பிப்' என்றது. எனக்கு அது பீரங்கி வெடித்தாற்போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, எப்போதும்போல மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுக்களை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னை.

நான் கீழே இறங்கும்போது குப்பைக் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிட்டார். குப்பை போடும் நேரம் இல்லை அது.

"அண்ணாச்சி, உங்க கடியாரம் அடிச்சது எனக்கு அடுக்களையில கேட்டுது."

"ஆமாம்மா."

"வாசல் மணி அடிச்சா கேக்கல. தண்ணி கேன்காரரு கதவை ஒடைக்காத குறையா தட்டிட்டு என்னை வைதுட்டுப் போறாரு. காது டாக்டர்ட்ட போவோம்னு நானும் ஒரு வருசமா சொல்லுதேன்."

"போகவேண்டியதுதானே?"

அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"சொன்னா அந்தத் தாளை எல்லாம் எடுத்து என் முன்னால போடுதாவ. 'ரெண்டு பேரு கேட்டு எழுதினது இது. எனக்குக் காது போச்சுன்னா, கையெழுத்துப் போட்டவருக்கும் போச்சா'ங்காவ. நான் என்னத்தச் சொல்ல?" பிறகு, "உங்களுக்குக் கேக்குதா அண்ணாச்சி, அந்தப் பூச்சி?"

கையேட்டில் இதற்கு விதி இல்லை. கேட்கிறது என்றேன்.

"பொறவு ஏன் போட்டிய?"

"காற்றுக்காக" என்று சொல்ல முடியுமா? 

"ஆஸ்பத்திரிக்காரன் சொன்னா நம்ப மாட்டாவ. தாள் சொன்னாத்தான் நம்புவாவ" என்று சொல்லிவிட்டு, நிரம்பாத கூடையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

அடுத்த ஞாயிறு நானே போய்க் கதவைத் தட்டினேன். அழைப்பில்லாமல் நான் போனது அது ஒருமுறைதான். விசிறி நின்றது, கம்பளி தொங்கியது, ஸ்டூல் வந்தது. சந்தாப் படத்தில் அதே மூன்று நிமிடம். சில்வண்டு கேட்டது, நின்றது, அவள் தலையைத் தூக்கினாள். அவர் 'இல்லை' என்று எழுதித் தாளைத் திருப்பினார்.

இருபத்திமூன்றாவது தாள். சாட்சிக் கட்டத்தில் 'உள்ளது' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

வெகுநேரம் படித்தார். ஒரே ஒரு சொல்.

"ஓட்டட்டுமா?" என்றார்.

ஓட்டினார். இந்த முறை அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். சில்வண்டு நின்ற இடத்தில் நான் விரலை உயர்த்தினேன். அவளும் தலையைத் தூக்கினாள். மறுபடி ஓட்டினார். என்னைக் கண்ணை மூடச் சொன்னார். மூடிக்கொண்டே விரலை உயர்த்தினேன். கண்ணைத் திறந்தபோது அவர் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டிருந்தார்.

"உங்களுக்கு ஞாபகமா இருக்கலாம். நாலு வருசமா பாக்குற காட்சி."

"இருக்கலாம்னு கட்டம் கிடையாது சார்" என்றேன்.

சட்டைக் கையை மடித்துவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அவர் புரிந்துகொண்டார். முப்பத்தைந்து ஆண்டு இதைத்தானே செய்தார், தெரிந்த ஒன்றைக் கொடுத்துக் கருவி என்ன சொல்கிறது என்று பார்ப்பது. அவர் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டார். மூன்று பேரும் ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

அடித்தது. நான் விரலைத் தூக்கினேன். அடுக்களை வாசலில் அந்த அம்மாளின் கையும் உயர்ந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், இன்னும் நேரம் வரவில்லை என்பதுபோல. பிறகு என் விரலைப் பார்த்தார். திரும்பி மனைவியின் கையைப் பார்த்தார். கடைசியில் கடிகாரத்தில் எண் மாறியிருப்பதைப் பார்த்தார்.

"அடிச்சுதா?"

"அடிச்சுது."

 மேலே மொட்டை மாடியில் யாரோ துணி உதறினார்கள். அது எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்டதா தெரியாது. எழுந்துபோய்த் தாள்கள் அடுக்கிய கோப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அழுவார் என்று நினைத்தேன், கத்துவார் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் மனத்துக்குள் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

"எந்தத் தாள்லேருந்து?" என்று கேட்டார்.

 பக்கங்களைப் புரட்டினேன்.

"எட்டு" என்றேன்.

எட்டிலிருந்து இருபத்திரண்டு வரை பதினைந்து தாள்களை எண்ணித் தனியே எடுத்தார். சிவப்புப் பென்சிலைச் சீவினார். ஒவ்வொன்றிலும் தன் கட்டத்தில் 'கருவி பழுது' என்று எழுதினார். என் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு 'சாட்சி செல்லாது' என்று எழுதினார். பதினைந்து முறை. நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட அவர் கை அவசரப்படவில்லை.

"கருவி தேயும் சார்" என்றார், நிமிராமல். "கையெழுத்து தேயாது."

அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மாள் மோர் கொண்டுவந்தார். குடித்தேன். அன்று யாருக்கும் விசிறியைப் போடத் தோன்றவில்லை.

அதே வாரம் காது டாக்டரிடம் போனார்கள். சில்வண்டு, 'பிப் பிப்' மாதிரி மேல் ஸ்தாயிச் சத்தமெல்லாம் பல வருடமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. முன்னாலேயே வந்திருந்தால் கருவிக்குக் காது இன்னும் எளிதில் பழகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அம்மாள் இதை என்னிடம் வெறும் தகவலாகச் சொன்னார். நான் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன். இரண்டு காதுக்கும் கருவி வந்தது. முதல் மாதம் செய்தித்தாள் மடிக்கும் சத்தம்கூடத் தாங்க முடியவில்லை, கழற்றிக் கழற்றி வைத்தாராம். பிறகு பழகியது.

என்னைத் திரும்ப அழைக்கவில்லை. படிக்கட்டில் பார்த்தால் "வாங்க சார்" என்பார், வானிலை பேசுவார், பேச்சில் ஒரு குறையும் இருக்காது. ஞாயிறு இரண்டு மணிக்கு என் கூரைக்கு மேல் அவர் விசிறி நிற்பது மட்டும் கேட்கும். கட்டிலில் படுத்திருப்பேன். என் விசிறி ஓடிக்கொண்டிருக்கும். எழுந்து அணைத்துவிட்டு, மறுபடி மேலே விசிறி ஓடும்வரை அசையாமல் கிடப்பேன். 

சாட்சிக் கட்டத்தில் இப்போது தானே கையெழுத்துப் போடுவதாக அம்மாள் சொன்னார்.

"பூச்சி கேட்டுதா அவருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி. அந்தப் பொம்பளை தலையைத் தூக்கினா. இவுகளும் தூக்கினாவ."

இரண்டு ஆண்டு கழித்து மகள் வீட்டோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். சாமான் ஏற்றும் அன்று கீழே நின்றிருந்தேன். இசைத்தட்டு, கேசட், தட்டுகள், கோப்பு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, அதை மட்டும் லாரியில் ஏற்றாமல் தன் மடியில் வைத்துக்கொண்டார். மர ஸ்டூலை எனக்கு விட்டுப்போனார். நன்றியாகவா, நினைவூட்டலாகவா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து இருக்கலாம். அந்தச் சொல்லுக்குக் கட்டம் கிடையாது.

சென்ற வாரம் ஒரு விஷயம் கவனித்தேன். கடிகாரம் மூன்று மணிக்கு அடித்ததாக நினைவில்லை. நான்கு மணிக்கும் இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றால், எண்கள் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. மறுநாள் காத்திருந்து பார்த்தேன். அடிக்கவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை. என் வீட்டில் நான் ஒருவன்தான். ஒருவர் கண்டது கண்டதாகாது.

அதற்கு அடுத்த நாள் மூன்று மணி வாக்கில் தண்ணீர் கேன்காரர் வந்தார். பத்து வருடமாக எங்கள் அடுக்ககத்துக்குப் போடுபவர், என் வயதில் பாதிக்கு மேல் இருக்கும்.

"அண்ணாத்தே, ஒரு நிமிஷம் நில்லு. இது அடிக்கப்போகுது, கேக்குதான்னு சொல்லு."

"இன்னா சார், கடியாரமா?" ஒரு கேனைத் தோளிலிருந்து இறக்கி, இன்னொன்றை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றார். சட்டை நனைந்திருந்தது. கீழே அவர் வண்டி தெருவை மறித்து நின்றிருக்க வேண்டும், யாரோ விடாமல் ஆரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தை அவர் காதருகே நீட்டினேன்.

"கேக்குது சார், கேக்குது. சூப்பரா கேக்குது" என்றார். "காலி கேன் எங்க கீது?"

சமையலறையில் என்றேன். எடுத்துக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கிப் போனார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஐம்பத்தொன்பது.

எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தேன்.